பொன் நாற்காலியும் சனிக்கிழமைக் கல்யாணமும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு, வரலாற்று விரிவுரையாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நான்காவது நாற்காலி பொன்னாக மாறியது. அதற்கு முன்பு அது கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. பொன்னான பிறகும் கால் ஆடியது.

அன்றும் வழக்கம்போல விரிவுரையாளரும், அவர் மனைவியின் அண்ணனான போதகரும் விரிவுரையாளர் மகளின் கல்யாணத் தேதியைக் குறிக்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு மாதமாக ஞாயிறுதோறும் அதற்காகவே உட்கார்ந்தார்கள். காப்பி வருவதற்குள் பேச்சு ஆயிரத்து எழுநூறு வருடம் பின்னால் போய்விடும். கிறிஸ்து பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிவித்த அந்தப் பேரவையில் முடிவெடுத்தது கூடியிருந்த ஆயர்களா, கூட்டிவைத்த பேரரசரா? மகள் கட்டிக்கொள்ளப்போகும் லிப்ட் மெக்கானிக்குக்கு மாதக் கடைசியில் கடல் கடந்து மாற்றல். தனியாகப் போனால் திரும்பிவர ஐந்து வருடம். மகள் இதைச் சொன்னபோது இருவரும் அக்கறையோடு தலையாட்டிவிட்டு நான்காம் நூற்றாண்டுக்குத் திரும்பினார்கள்.

நாற்காலி பொன்னானதில் அவர்களுக்கு வியப்பில்லை. ஆதாரம் வீடு தேடி வந்திருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். பேரரசருக்குச் சின்னதாய் ஒரு பொன் நாற்காலி போட்டிருந்ததாகப் பழைய ஏடு சொல்கிறது.

“ஆயருங்க சாடை காட்டுற வரைக்கும் மனுஷன் உட்காரவே இல்ல மாப்ளே. என்ன பணிவு!”

“உட்கார்ந்தவரை எழுந்திரிங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா மச்சான்? கையெழுத்துப் போடாதவங்களை நாடு கடத்திட்டாரே!”

அதற்குள் பூனை அதில் ஏறி உட்கார்ந்து ஒரு தரம் கத்தியது. அது சரிதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எது சரி என்று மனைவி கேட்டதற்கு இருவரும் பூனையைக் கை காட்டினார்கள். மகள் பூனையை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்தாள்.

“வர்ற சனிக்கிழமை கல்யாணம். மாமாதான் நடத்தி வைக்கணும். பிரசங்கம் பத்து நிமிஷம்.”

“பத்தே நிமிஷம்” என்றார் போதகர். விரிவுரையாளர் சட்டைக்கு அளவு கொடுக்கக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் கேட்காமலேயே, தன் காரை எடுத்துக்கொள்ளும்படி சுவருக்கு அப்பாலிருந்து கூவினார்.

கல்யாணம் நடந்தது. பிரசங்கம் ஒன்பதரை நிமிடம். மெக்கானிக்கும் மகளும் மாதக் கடைசியில் விமானம் ஏறினார்கள். அடுத்த ஞாயிறு இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

“நாற்காலிக்குப் பயந்தா நான் சம்மதிச்சேன்? எனக்கே அந்தப் பையனைப் பிடிச்சிருந்துச்சு” என்றார் விரிவுரையாளர்.

“அப்படி வாங்க வழிக்கு! அந்த முந்நூறு ஆயருங்களுக்கும் அப்படித்தான் பிடிச்சிருந்துச்சு மாப்ளே.”

“சரி, இருபத்தாறு வருஷமா ஒரு மணி நேரத்துக்குக் குறையாம பேசுறவரு ஒன்பதரை நிமிஷத்துல முடிச்சீங்களே, அது உங்க சொந்த முடிவா மச்சான்?”

இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

மனைவி தேய்க்க வேண்டிய துணிகளைக் கொண்டுவந்து அதன்மேல் குவித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் துணி தேய்ப்பது பற்றி இரண்டு கருத்து இல்லை. ஞாயிறுதோறும் ஒருவர் தண்ணீர் தெளிக்க, ஒருவர் தேய்க்க, பேரரசரைப் பற்றி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.