மரத்த விரல்கள்

துணி வெட்டும் கத்தி இன்றைக்கு எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று சூப்பர்வைசர் நேற்றே சொல்லியிருந்தார். காலையில் பாத்திரம் கழுவும் சாக்கில் இடது கையை வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குத் தெரிந்தது. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தெரிந்தது. நடுவிலிருந்த இரண்டும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருந்தன.

"என்ன, தண்ணியில விளையாட்டு?" என்றார் கணவர். "அன்னைக்குப் பெட்ஷீட்டுக்கு அடியில நூலப் போட்டுத் தடவிக்கிட்டிருந்த. இன்னைக்கு இதுவா?"

"விட்டுப்போன வேலை. கை பழகணும்ல."

"கை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு, இருக்கு."

காய்ச்சலில் விழுந்து கிடந்த மாதங்களில் என் உடம்பு வீட்டுக்கே பொதுச்சொத்தாக இருந்தது. வயிறு போனதா இல்லையா என்று மாமியார் கேட்க, மச்சினன் நிற்கும்போதே பதில் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு விரல்களையாவது எனக்கென்று ஒளித்து வைத்துக்கொள்ள நினைத்தேனோ என்னவோ.

நான் வேலை பார்ப்பது சட்டை தைக்கும் கம்பெனியில். வெட்டும் அறையில் நீள மேஜைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, வடிவம் வரைந்த தாளை மேலே பரப்பி, மின்சாரக் கத்தியால் வெட்டுவோம். நான் வெட்டுகிறவள். டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் திரும்பினேன். முதலில் அரை நாள், உட்கார்ந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. பிறகு துணி விரிப்பது. கத்தி கடைசியில்.

அடுக்கில் எங்காவது மடிப்பு விழுந்திருந்தால் அடியிலுள்ள அத்தனையும் கோணலாகிவிடும். அதனால் வெட்டுகிறவர், கத்தியருகே துணியைப் பிடிக்கப்போகும் அதே இடது கையால், மேஜை முழுக்க அழுத்தித் தடவிவிட்டு, "பாத்தாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் வேறு யாரும் துணியில் கை வைக்க மாட்டார்கள். சொன்னதை யாரும் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் இல்லாதபோது கத்தி பிடித்தவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம்.

"வா மகாராணி! உன் சிம்மாசனத்துல உக்காந்தேனே தவிர, கால ஆட்டல," என்றாள். "என்னடி இப்படி இளைச்சிட்ட? உன் சேலைய கொடிக்கம்பத்துல சுத்தின மாதிரி இருக்கு."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு நல்லா ஓடிட்டா திங்கக்கிழமையில இருந்து முழு நாள், பழைய வேலை. இல்லன்னா ரேடியோவயே நிரந்தரமாக்கிடுவேன்மா. மேல கேக்குறாங்க."

வெறுங்கையைத் துணிமேல் வைத்து அழுத்தினேன். உள்ளங்கை சொல்லிக்கொண்டே வந்ததெல்லாம் அந்த இரண்டு விரலிடம் வந்ததும் அறுந்துபோனது. மேஜையின் நடுவில் ஓரிடத்தில் சந்தேகம் தட்டியது. திரும்பத் தடவினேன். மடிப்பு இருக்கிறது என்றது உள்ளங்கை, விரல்கள் வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"பாத்தாச்சு," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக.

இடது கையில் கம்பி பின்னிய இரும்புக் கையுறையை மாட்டினேன். கத்தி துணிக்குள் இறங்கியது. முதல் வளைவு தானாக வந்தது, தோள் மறக்கவில்லை. ரேடியோ தன் நாத்தனார் வாங்கிய கட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வளைவில் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் குனிந்து பார்க்க வேண்டும். அவற்றைப் பார்த்தால் கோட்டைப் பார்க்க முடியவில்லை. கோட்டைப் பார்த்தால் விரல்கள் என்னை விட்டுப் போய்விட்டன. கட்டில் கதை பாதியில் நின்றது. ரேடியோ என் கையைப் பார்க்கிறாள் என்பது நிமிராமலே தெரிந்தது.

கிர்ரென்று ஒரு சத்தம். கத்தி கையுறையில் உரசியிருந்தது. காதுக்குத்தான் தெரிந்தது.

நிறுத்தினேன்.

"நான் பாக்கல," என்றேன். "நடுவுல மடிப்பு இருக்கான்னு எனக்குத் தெரியல. நீ பாரு."

ரேடியோ சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் போய்த் தடவினாள். ஒருமுறை, இன்னொரு முறை.

"சுத்தமா இருக்குடி. ஒரு சுருக்கம்கூட இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா நிறுத்துனீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

தலை சுற்றியது என்று சொல்லியிருக்கலாம். நோயிலிருந்து எழுந்தவளின் தலைசுற்றலை யாரும் குற்றம் சொல்வதில்லை. நாற்காலி வரும், டீ வரும், நாளைக்கு மறுபடி கத்தி வரும். அந்தப் பதில் நாக்கு நுனியில் நின்றது. கையுறையைப் பார்த்தேன். உரசிய இடத்தில் கம்பி பளபளத்தது, சரியாக மோதிரவிரலுக்கு மேலே.

"இந்த ரெண்டு விரல்லயும் உணர்ச்சி இல்ல சார்."

ரேடியோ கையுறையை உருவிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப?"

"என்ன இப்ப?"

"கிள்ளினேன்டி." அவள் குரல் இறங்கிவிட்டது.

"எப்பத்துல இருந்து?" என்றார் சூப்பர்வைசர்.

"காய்ச்சல்ல படுத்ததுல இருந்து."

"இத்தன நாளா எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த மேஜைகிட்ட விட்டிருப்பீங்களா?"

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரேடியோவிடம் கத்தியைக் காட்டினார். அவள் நகரவில்லை. நான்தான் "போ, பாதியில நிக்குது" என்றேன். கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு மடிப்பாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அந்தத் துணிமேல்தான் வந்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார் சூப்பர்வைசர். "டாக்டரப் பாருங்க. மத்தத அப்புறம் பேசுவோம்."

"ஸ்டிக்கர் ஒட்ட மூணு விரல் போதும் சார்."

வேடிக்கையாகச் சொல்ல நினைத்தது. வாயிலிருந்து வந்தபோது அப்படி இல்லை. அவர் விலகி ஸ்டிக்கர் மேஜைக்கு வழிவிட்டார்.