வலது கைக் கதவு

என்னை யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் என்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்று அத்தா சொன்னார்.

முன் ஹாலுக்கும் பெண்கள் இருக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் தொங்கும் திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஆரிபா, முடிஞ்சிருச்சும்மா! மாப்பிள்ளையோட அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாம். கையோட மோதிரமே போட்டுட்டாங்களாமே? எங்க, காட்டு பாப்போம்."

நான் என் கையைப் பார்த்தேன். மருதாணி இருந்தது, மோதிரம் இல்லை. அம்மா கையில் சமோசாத் தட்டு. அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவார்கள் என்று மத்தியானத்திலிருந்து காத்திருந்தோம். ஆம்பளைகள் முன் ஹாலுக்கு வந்துவிட்டார்கள், பெண்கள் ஏறிய வண்டி பின்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தோம். காஞ்சிப் பட்டுக்குள் நான் வெந்துபோனதுதான் மிச்சம்.

"மோதிரத்தக் கழட்டி வச்சிருக்கா" என்று அம்மா சட்டென்று சொன்னாள். அத்தா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்கும்மா பொய் சொன்னே? எந்த மோதிரம்? யாரு போட்டா?"

"கத்தாதே. ஜன்னல் சட்டம் வழியா பாத்திருப்பாங்க. சில பேரு அப்படித்தான், சொல்லாம கொள்ளாம பாப்பாங்க."

"பாத்துட்டு மோதிரத்தையும் ஜன்னல் வழியாவே போட்டாங்களா?"

அம்மா சமோசாத் தட்டை மூடி வைத்தாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அதற்கு முன் வந்த மூன்று இடமும் என் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போனவை. அத்தா வெகுநாளைக்குப் பிறகு சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்குந்தான் வரவில்லை.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் நாங்கள் குடியிருந்த கட்டடம். கடலூர் ஓல்டு டவுனில், அதுதான் ஓ.டி.யில், கப்பல்காரர் மாளிகை என்று சொன்னால் குதிரை வண்டிக்காரர் வேறு எதுவும் கேட்கமாட்டார். எந்தக் காலத்திலோ பினாங்குக்குச் சரக்கு ஏற்றிய ஒரு கப்பல்காரர் கட்டியது. அவருக்கு இரண்டு மனைவிகள். ஒருத்திக்கு ஒரு முழம் கூட, ஒருத்திக்கு ஒரு முழம் குறைச்சல் என்ற பேச்சே வரக்கூடாது என்று மூன்று மாடிக் கட்டடத்தை நட்டநடுவில் இரண்டாகப் பிரித்து, இந்தப் பாதியில் என்னென்ன உண்டோ அந்தப் பாதியிலும் அதையே வைத்துவிட்டார். அதே பர்மா தேக்குத் தூண், அதே சுண்ணாம்புச் சுவர், ஜன்னலுக்கு மேலே அதே பச்சைக் கண்ணாடி. முற்றத்துக் குழாய்கூட இரண்டு பக்கமும் ஒரே மூலையில்தான். அந்தப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பிறகு அங்கே குடிவந்தவர்கள் எல்லாரும் ஒருநாளாவது அடுத்தவர் சமையலறைக்குள் போய் உப்பைத் தேடியிருப்பார்கள்.

முன்பக்கம், தெருவைப் பார்த்து, ஆளுக்கொரு படிக்கட்டு. அது ஆம்பளைகளுக்கு. பின்சந்தில் ஒரே ஒரு சுழல்படி. அது பெண்களுக்கு. நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி ஏறும் இருட்டுப் படி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்னத் தளம், அந்தத் தளத்தில் இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே மாதிரிக் கதவு. காலம் மாறி, வீடு போர்ஷன் போர்ஷனாக வாடகைக்குப் போய், மேல்மாடிக்கு நர்ஸ் ஆரோக்கியம்மாள் குடிவந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. ஆம்பளைக் கால் பின்படியில் பட்டதில்லை.

நான் வளர்ந்தது இந்தக் குழப்பத்துக்குள்தான். மாப்பிள்ளை கிபாயத்துல்லா அண்ணாமலை நகர் யூனிவர்சிட்டியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை என்றார்கள். அவர் கறுப்பா சிவப்பா என்று நான் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் கொடுப்பார்களா என்றுதான் கேட்டேன். கொடுத்திருக்கிறார்களாம். தனி வீடு, வாசலுக்கு ஒரே கதவு. ஆம்பளையும் பொம்பளையும் அதே கதவு வழியாக வருவார்கள், போவார்கள். அந்த ஒரே கதவை நினைத்தே எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை மேல் வந்ததைவிட அந்தக் கதவு மேல்தான் எனக்கு ஆசை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் தளத்தைத் தாண்டி எதிர்க் கதவைத் தட்டினேன். அது சலீமா மாமியின் வீடு. மாமியின் மகள் ஜொஹரா அக்காவுக்கு என்னைவிட மூன்று வயது கூடுதல். கல்யாணமான வருஷமே புருஷன் பினாங்கில் காய்ச்சலில் போய்விட்டார். அதிலிருந்து அக்கா தாவணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். அவளைப் பெண் கேட்டு யாரும் அந்தப் படி ஏறியதில்லை.

மாமியே கதவைத் திறந்தார். திறந்ததும் என் வாயில் சர்க்கரையைப் போட்டார். "அல்லா கண்ணத் தொறந்துட்டான் ஆரிபா! மங்கலம்பேட்டையில எங்க அண்ணங்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், அவருதான் அனுப்பியிருக்காரு. சிதம்பரத்துக்காரங்க. பையனுக்கு அண்ணாமலை நகர்ல வேலையாம்!"

நான் மாமியைத் தாண்டி உள்ளே பார்த்தேன்.

தையல் மிஷின் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். விரலில் மோதிரம். அவளுக்குக் குச்சி விரல், அதில் நிற்காமல் சுழன்ற மோதிரத்துக்கு அடியில் வெள்ளை நூலைச் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"திடுதிப்புன்னு வந்தாங்க ஆரிபா. அந்தம்மா போத்தியிருந்த துப்பட்டிய எடுத்துட்டு என் மொகத்தையே பாத்தாங்க. என்னை ஓதச் சொன்னாங்க, ஓதினேன். தச்ச துணிய எடுத்துப் பாத்தாங்க. பேரு கூடக் கேக்கல. அதெல்லாம் ஆம்பளைங்க பேசிட்டாங்கன்னுட்டு மோதிரத்தப் போட்டுட்டாங்க." அவள் குரல் தணிந்தது. "எனக்கு ஒண்ணும் புரியல. என்னைப் பத்தி அவுங்களுக்குத் தெரியும் இல்ல?"

நான் என்ன சொல்ல? மோதிரத்தோடு வீட்டுக்குள் வந்தவர்களிடம் நீங்கள் சரியான கதவுக்குத்தான் வந்தீர்களா என்று எந்தத் தாய் கேட்பாள்? அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உளறிவிட்டு ஓடி வந்தேன். அவசரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறப்பதாக நினைத்து அவர்கள் கதவையே மறுபடி தள்ளினேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதுவிட்டு அத்தாவிடம் சொன்னாள். அத்தா நம்பவே இல்லை.

"நான்தான் அவுங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட வழி சொன்னேன். பின்சந்துல எறங்கி, முதல் மாடி, வலது கைக் கதவுன்னு தெளிவா சொன்னேனே! நம்ம வீடு வலது கைதானே?"

தெருவில் நின்று பார்த்தால் வலது கைதான். பின்சந்தில் நுழைந்து, தூணைச் சுற்றி ஏறித் தளத்தில் நின்றால் எங்கள் வீடு இடது கை. இது அந்தக் கட்டடத்தில் இருக்கும் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். இருபது வருஷமாகக் குடியிருக்கும் என் அத்தா லியாக்கத் அலிக்குத் தெரியாது. அவர் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லையே.

"வாங்க, காட்டுறேன்" என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன். முன்படி வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி, பின்சந்து வழியாக நுழைந்தோம். ஏறத் தொடங்கியதும் அத்தாவுக்குத் தலை சுற்றியது. சுவரைத் தடவித் தடவி ஏறினார். தளத்துக்கு வந்ததும் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். வலது கையை நீட்டினார். பிறகு திரும்பி நின்று இடது கையை நீட்டினார். தன் வீடு எதுவென்று தெரியாமல் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது.

மேலே செருப்புச் சத்தம். டியூட்டிக்குக் கிளம்பிய ஆரோக்கியம்மாள் வளைவில் வந்து நின்று அலறினார். "அய்யய்யோ பாய்! இது பொம்பளைங்க படி! இங்க என்னா பண்றீங்க?"

அத்தா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டத் தேடுறேம்மா" என்றார்.

அடுத்த பஸ்ஸில் அத்தா சிதம்பரம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார். ஜொஹரா அக்காவுக்குக் கல்யாணமாகிப் புருஷன் தவறியதையும் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மனசுக்காரர்தான். ஆனது ஆகட்டும், என் வீட்டு அம்மா மறுபடி வருவாள், உங்கள் மகளைப் பார்ப்பாள், மோதிரத்தை வாங்கி அவள் விரலில் போட்டுவிடுவாள் என்றாராம். சுவருக்கு அந்தப் பக்கம் சலீமா மாமிக்கும் விஷயம் போயிற்று. அன்றைக்கு அந்தத் தையல் மிஷின் ஓடவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா மைமூன் பீவி வெள்ளிக்கிழமை வந்தார். இந்தத் தடவை என் அம்மாவே விளக்கை வைத்துக்கொண்டு படியில் நின்று, கையைப் பிடிக்காத குறையாக எங்கள் கதவுக்குள் அழைத்து வந்தாள். முன் ஹாலில் ஆம்பளைகள். சமோசா, டீ. மைமூன் மாமி என்னை நடக்கச் சொன்னார், ஓதச் சொன்னார். என் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல புள்ள" என்றார். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேசும்போதெல்லாம் அவர் கண் தளத்துக் கதவுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

டீயை வைத்துவிட்டு மாமி என்னிடம் சொன்னார். "அங்க போயி அந்த மோதிரத்த வாங்க எனக்கு மொகமில்லம்மா. நீயே போயி வாங்கிட்டு வந்துடு."

தளத்தைத் தாண்டினேன். அக்கா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அழவில்லை. நூலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள், முடிச்சு அவிழவில்லை. "இரு, கத்திரி எடுக்கறேன்" என்றாள். "நல்ல எடம் ஆரிபா. நீ ராணி மாதிரி இருப்பே." அதை அவள் மனசாரச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கத்திரியை அவள் கையிலிருந்து பிடுங்கி மிஷின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். தளத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. அண்ணாமலை நகரில் ஒரே கதவு. எனக்கு அது வேண்டும். நிஜமாகவே வேண்டும். நான் செய்யப்போவது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று அந்த நிமிஷம் எனக்கே விளங்கவில்லை.

உள்ளே வந்தேன். "மோதிரம் கழல மாட்டேங்குது மாமி."

அம்மா என்னை முறைத்தாள். மைமூன் மாமி நிமிர்ந்தார்.

"சோப்புப் போட்டீங்களா?"

"போட்டோம் மாமி. விரலோட இறுகிப் போச்சு."

மாமி என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நான் போடறப்பவே அது தொளதொளன்னு இருந்துச்சே, ஆரிபா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மருதாணிக் கையில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

மாமி எழுந்தார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் தலையில் கை வைத்தார். அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி, "எறங்கற படி இப்படி இருக்குங்க" என்று காட்டினாள்.

"தெரியும்" என்றார் மாமி. தளத்தில் நின்று இரண்டு கதவையும் பார்த்தார். முன் ஹாலிலிருந்து அத்தா சத்தம் போட்டுக் கேட்டார். "என்னா, வழி சரியா தெரியுதா அவுங்களுக்கு?"

மாமி படிப் பக்கம் திரும்பவில்லை. எதிரே போய் வலது கைக் கதவைத் தட்டினார்.