வெறுங்குண்டுக் குல்லா

என் மனைவி லோரீன் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து செய்த துப்பாக்கியை டாக்டர் டுவைட் ஹேவர்ஸ்டிக் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தலையில் இளஞ்சிவப்புக் குழந்தைக் குல்லாவுடன், அதன் நாடாவை மோவாய்க்குக் கீழே பூப்போல முடிந்துகொண்டு, வாயை மூடி நின்றிருந்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊரில் எனக்குக் காப்பீட்டு முகவர் என்று ஒரு மரியாதை உண்டு. எங்கள் துப்பாக்கிக் கழகம் கூடும் ஓடைக்கரையில் அது செல்லாது.

எங்கள் கழகத்தில் எல்லாமே குழல் வாய்வழியாகக் கரிமருந்தும் ஈயக்குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கிகள். இவற்றை வைத்திருப்பவன் என்றாவது ஒருநாள் செய்தே தீரவேண்டிய தவறு ஒன்று இருக்கிறது. மருந்தைப் போட மறந்துவிட்டு, குண்டை மட்டும் அடிவரை இடித்து இறக்கிவிடுவான். அதற்கு வெறுங்குண்டு என்று பெயர். போட்டவர் அடுத்த ஆள் அகப்படும்வரை கழகத்தில் குல்லாவைக் கழற்றக்கூடாது. குல்லா தலையில் இருக்கும்வரை பிறர் துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவர் டாக்டர்தான். "மருந்து போட மறந்தவனுக்கு அடுத்தவன் துப்பாக்கியப் பத்தி என்ன பேச்சு?" என்று அன்று கேட்டார், கைதட்டினோம். குல்லாவைத் தைத்தவர் அவர் மனைவி மார்லீன். தையல் இயந்திரத்தில் அரைமணியில் தைத்துக் கொண்டுவந்ததை முழுக்கப் பிரிக்கச் சொல்லி, பதினெட்டாம் நூற்றாண்டு முறைப்படி கையால் மறுபடி தைக்கவைத்தார் டாக்டர். அவமானத்திலும் அசல் தன்மை வேண்டும் அவருக்கு.

போன வசந்தத்தில் வெறுங்குண்டு போட்டவன் நான். லோரீன் அந்த விதியைச் சமையலறைக்கும் நீட்டித்துவிட்டாள். அவள் கட்டையை உளியால் செதுக்கும்போது நான் லேசாகக் கனைத்தால்கூட, "குல்லா" என்பாள், தலையைத் தூக்காமல். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் நிலவிய அமைதிக்கு அந்தக் குல்லாவே காரணம்.

பல் மருத்துவத்திலிருந்து ஓய்வுபெற்றதும் டாக்டர் பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிவிட்டார். ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கும் மான்தோல் மேலங்கி. மான்தோல் காலணிக்குள் முழங்கால் வலிக்காக மருந்துக்கடை மெத்தை. இடுப்பில் பீவர் தோல் பை, அதற்குள் கைபேசி. ஜிப் வைத்த கால்சட்டையோடு ஒருவன் வேலியைத் தாண்டினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். வசந்தகாலப் போட்டிக்கு வரும் ஒவ்வொரு புதுத் துப்பாக்கியையும் தலைவர் என்ற முறையில் அவர்தான் சோதித்து அனுமதிப்பார். அவர் சரி என்றால் லோரீனின் துப்பாக்கிக்கு இன்று வரிசையில் இடம். இல்லையென்றால் அடுத்த வசந்தம்.

"செர்ரி மரம்," என்றார் டாக்டர்.

"எங்க வீட்டு மரம்தான். புயல்ல காரேஜ் மேல விழுந்துது," என்றாள் லோரீன். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை ஒற்றைக் கண்ணாடியில் பார்த்தே அடக்கும் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கட்டை வளைவு பென்சில்வேனியா. விசைக்காப்பு கரோலினா. அப்ப இது எந்த ஊர்த் துப்பாக்கி?"

"எங்க சமையலறைத் துப்பாக்கி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கட்டையின் கன்னத்தில் பதித்திருந்த வெள்ளி நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இந்த வெள்ளி மட்டும் அசல். பழைய வெள்ளி. கையில பட்டதுமே தெரியுது." எங்கள் திருமணத்துக்கு அவரும் மார்லீனும் பரிசளித்த கரண்டிகளில் ஒன்றை வெட்டிச் செய்தது அது. மார்லீன் அவசரமாக ஓடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"மனசு வரல லோரீன். அடுத்த வருஷம் பாக்கலாம்."

லோரீனின் காது மடல்கள் சிவந்தன. எனக்கு மட்டுமே தெரிந்த சிவப்பு அது. கோபத்தில் அவளுக்குக் கன்னம் சிவக்கும். காது சிவந்தால் அழுகை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நான் வாயைத் திறந்தேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் என் தலையைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

"மனச விடுங்க, கோடாலி சொல்லட்டும்," என்றார் ஆர்வில், டிராக்டர் பழுதுபார்க்கும் கிழவர். கூட்டம் ஆமாம் போட்டது. மறுத்தால் மத்தியான பீன்ஸ் சூப்பைத் தனியாகக் குடிக்க நேரும் என்பது டாக்டருக்கும் புரிந்தது.

கோடாலி என்பது எங்கள் போட்டியின் உச்சம். மரத்துண்டில் ஒரு கோடாலியை, வெட்டுமுனை நம்மைப் பார்க்கும்படி பதித்திருப்போம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலூன். குண்டு சரியாக முனையில் பட்டால் இரண்டாகப் பிளந்து இரண்டு பலூனையும் உடைக்கும். பலூன் விஷயத்தில் டாக்டர் நெடுநாள் போராடினார். ஊதிய பன்றி மூத்திரப்பைதான் முறை என்றார். மார்லீன் பார்த்த பார்வையில் கைவிட்டார். அன்று கட்டியிருந்தவை அவர் பேத்தி பிறந்தநாளில் மிஞ்சிய ஹீலியம் பலூன்கள்: ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

"ரெண்டும் போச்சுன்னா இடம் உண்டு. ஆனா தலைவர் சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். எப்படிக் கெட்டிக்கிறதுன்னு கொஞ்சம் கவனி," என்றார் டாக்டர் லோரீனிடம்.

மேஜைக்குப் போனார். கெட்டிப்பவரிடம் யாரும் பேசக்கூடாது என்பது அவர் கொண்டுவந்த இன்னொரு விதி, கவனம் சிதறுமாம். கெட்டிப்பவரே பேசினால் என்ன செய்வது என்று எந்தக் கூட்டத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

"இது பிரார்த்தனை மாதிரி," என்று தொடங்கினார். கரிமருந்து வைக்கும் மாட்டுக்கொம்பிலிருந்து மருந்தை அளவுக் குப்பியில் நிரப்பினார். குப்பியை வெயிலில் உயர்த்திப் பிடித்தார். "இந்த ஒரு குப்பிக்குள்ளதான் நம்ம தேசத்தோட சரித்திரமே இருக்கு." கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சரித்திரத்தைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டு, கொழுப்பு தடவிய துணியைக் குழல் வாயில் விரித்து, குண்டை வைத்து, இடிகோலை எடுத்தார்.

எல்லோரும் பார்த்தோம். லோரீனுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "டாக்டர்..."

விரலை உயர்த்தினார். "கெட்டிக்கும்போது பேசக் கூடாது லோரீன். நீ பஸ் ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேசினா விடுவியா?"

"விடமாட்டேன் டாக்டர்," என்றாள். கைகட்டிக்கொண்டாள்.

குண்டு அடிவரை இறங்கியது. குழலின் பக்கவாட்டுக் கிண்ணியில் பற்றுமருந்து தூவினார், குறிபார்த்தார், விசையை இழுத்தார். சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டியது. புஸ்.

"கல்லு மழுங்கிப்போச்சு."

மறுபடி. புஸ்.

"காத்துல ஈரம்," என்றார் டாக்டர், ஒரு மேகமும் இல்லாத வானத்தைப் பார்த்து.

மூன்றாவது புஸ்ஸுக்குப் பிறகு ஆர்வில் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். "டாக்டர், உங்க சரித்திரம் மேஜை மேலயே இருக்கு."

இறங்கிய வெறுங்குண்டை வெளியே எடுக்க ஒரே மரியாதையான வழி, இடிகோல் நுனியில் திருகாணி மாட்டி, ஈயத்துக்குள் திருகி, பிடுங்குவது. டாக்டர் புல்லில் உட்கார்ந்து துப்பாக்கியை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டார். ஆர்வில் எதிரில் நின்று திருகினார். முப்பது வருடமாக எங்கள் பல்லைப் பிடுங்கும்போதெல்லாம் டாக்டர் சொல்லிவந்ததை அப்படியே அவருக்குத் திருப்பிச் சொன்னார்: "கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும். வலிக்காது." ஒரு காலை ஊன்றி இழுத்தார். குண்டு பொளக்கென்று வர, ஆர்வில் மல்லாந்து விழுந்து, கோலை விடாமல் உயர்த்திக் காட்டினார். "வேரோட வந்துருச்சு!"

அதிகம் சிரித்தவர் மார்லீன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தலையிலிருந்து குல்லாவை எடுத்து, கணவருக்குப் போட்டு, நாடாவை இரட்டை முடிச்சாக முடிந்தார். "கையால தைச்சது, நூறு வருஷம் தாங்கும்," என்றார். டாக்டர் அதற்காகத் தலையைக் குனிந்து கொடுத்தார். தன் விதிக்குத் தானே குனிந்த அந்த நிமிடத்தில் அவர் மீது எனக்கு மரியாதைகூட வந்தது. குஞ்சம் தொங்கும் மான்தோலுக்கு அந்தக் குல்லா பொருத்தமாக இருந்ததும் ஒரு காரணம்.

ஒரு வருடத்துக்குப் பிறகு என் தலையில் காற்று பட்டது. இனி நான் பேசலாம். சொல்ல வேண்டியது ஏராளம் சேர்ந்திருந்தது. நட்சத்திரம் இம்மி சாய்ந்திருக்கிறது என்பது, சாய்ந்ததால்தான் அழகு என்பது, பின்மாலைகளில் அவள் உப்புத்தாள் தேய்க்கும் ஓசை கேட்காவிட்டால் எனக்கு வீடு வீடாகவே இல்லை என்பது. "லோரீன்," என்று அருகில் போனேன்.

அவள் ஏற்கெனவே கெட்டிக்க ஆரம்பித்திருந்தாள்.

நின்றுவிட்டேன். மருந்து, துணி, குண்டு, கோல். ஒரு வார்த்தை இல்லை. கட்டையைக் கன்னத்தோடு சேர்த்தபோது மரமும் முகமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தின.

வெடித்தது. வெள்ளைப் புகை எழுந்து, காற்றில்லாததால் அப்படியே நின்றது. கோடாலியும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. புகைக்குள் 'டிங்' என்றொரு ஓசை. அதையொட்டி ஒரு பலூன் உடைந்தது. ஒன்றுதான்.

யாரோ "ச்சே" என்றார்கள். அப்போது புகையின் உச்சியிலிருந்து மஞ்சள் பலூன் மெதுவாக வெளியே வந்தது. அறுந்த நூல் கீழே ஆடியது. அரைக்குண்டு நூலைத்தான் வெட்டியிருந்தது.

"ரெண்டும் போச்சு," என்றார் மார்லீன்.

"போச்சுன்னா... போயிட்டுதான் இருக்கு," என்றார் ஆர்வில். "இது கணக்குல வருமா? தலைவர்தான் சொல்லணும்."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் வாயைத் திறந்தார். கை தானாக மோவாய் முடிச்சைத் தொட்டது. வாயை மூடிக்கொண்டார். என் கையை எட்டிப் பிடித்தாள் லோரீன், விரலெல்லாம் கரி. பலூன் மரங்களுக்கு மேலே போய் வெயிலில் மின்னியது. டாக்டர் தலையோடு இளஞ்சிவப்புக் குல்லா அதைப் பின்தொடர்ந்து பின்னால் சாய்ந்துகொண்டே போனது.