மூன்றாவது வளைவு

பந்தயம் எந்த நாட்டில் நடந்தாலும், மைதான வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் சென்னியப்பனின் வீடு வந்தது. போலந்தில் வந்தது. ஸ்வீடனிலும் வந்தது. பீளமேட்டில் இருக்கும் அதே வீடு, அதே பச்சை கேட். கேட்டுக்குப் பின்னால் மனைவி மரகதம் அரிசிம்பருப்புச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

சிக்கல் ஒன்றுதான். உலக ஸ்பீட்வே சாம்பியன்ஷிப்பில் சேருகிறவர்கள் சீசன் முடியும்வரை இடது பக்கம் மட்டுமே திரும்புவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். மண் தடம், நான்கு மோட்டார் சைக்கிள், நான்கு சுற்று. பிரேக் கிடையாது. எல்லா வளைவும் இடது. சென்னியப்பன் மார்ச்சில் கையெழுத்துப் போட்டான். ஏப்ரலில் அவன் கழுத்தே வலது பக்கம் போக மாட்டேன் என்றது.

மெக்கானிக் ரங்கராசு மரகதத்தின் தம்பி. கணக்கில் புலி.

"மாமா, மூணு தடவ லெப்ட் ஒடிச்சா ஒரு ரைட்டுங்."

"தெரியுது மாப்ள."

"அப்பறம் என்னுங்?"

"மூணாவது வளைவுல அவன் நிக்கறானே."

அவன் என்றால் டென்மார்க்கின் ஊல்ரிக். பட்டியலில் பெயர் உண்டு, ஹெல்மெட் உண்டு. ஆனால் வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது வளைவில் நிற்பான். வளைவில் ஊன்றிச் சறுக்குவதற்காக எல்லோரும் இடது காலில் இரும்புச் செருப்பு மாட்டியிருப்பார்கள். ஊல்ரிக் அதை வருகிறவர் நெஞ்சுக்கு வைத்திருந்தான்.

"மன்னிக்கணும்" என்பான். பிறகு உதைப்பான்.

சீசனின் முதல் போட்டியில் சென்னியப்பனுக்கு நான்கு விலா எலும்பு போனது. இரண்டாவதில் தாடை. மூன்றாவதில் அவன் விழும்போது ஊல்ரிக்கின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே விழுந்தான். இருவரும் பலகைச் சுவரை உடைத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் எழுந்து நின்று பற்களைப் பொறுக்கியது. அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது.

மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் வாளியோடு வந்து எலும்புகளை எடுத்துப் போவார்; பிறகு வரிசையில் நிற்க வைத்துத் திருப்பிக் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஹெல்மெட்டின் நிறத்தை எழுதி வைப்பார். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஓட்டத்துக்கு ஓட்டம் ஹெல்மெட் நிறம் மாறும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"அம்மா, இது என்னோட முழங்கை இல்லீங்க."

"சிவப்பு நீதானே?"

"இப்பத்தாங்க சிவப்பு. முழங்கை போறப்ப மஞ்சள்."

"அப்ப மஞ்சளக் கேளு. அடுத்த ஆளு வா."

இப்போது மஞ்சள், ஊல்ரிக். அவன் ஏற்கெனவே முழங்கையைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பொருந்துது" என்றான்.

ஒன்பதாவது போட்டி முடிந்தபோது சென்னியப்பனின் உடம்பில் அவனுடைய சொந்த எலும்பு முப்பத்தொன்றுதான் மிச்சம். அன்றைக்கு ஊல்ரிக் அவனை உதைப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினான்.

"அரிசிம்பருப்புன்னா என்ன? ரெண்டு வாரமா அதே நெனப்பா இருக்கு."

சென்னியப்பன் பதில் சொல்வதற்குள் பறந்துகொண்டிருந்தான்.

பத்தாவது போட்டி கடைசி. அது முடிந்ததும் மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். கடைசி ஓட்டத்தில் தொடக்கக் கோட்டின் நாடா மேலே எழும்பியது. சென்னியப்பன் முதல் வளைவில் ஒருவனைச் சுவரில் தேய்த்தான். இரண்டாவதில் இன்னொருவன் மேல் ஏறிப் போனான். அடியில் ஏதோ முறிந்தது. தன்னுடையதாகக்கூட இருக்கலாம், திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வளைவில் ஊல்ரிக் காலைத் தூக்கினான்.

"மன்னிக்..."

சென்னியப்பன் இரும்புச் செருப்பை அந்த வாயிலேயே வைத்தான். வண்டி கீழே போனது. எழுந்து வந்து மறுபடி வைத்தான். எட்டு மாதத்துக்கும் சேர்த்து வைத்தான். மண் நனைந்து சேறானது. எதிரே வாசல். வாசலுக்கு அப்பால் பச்சை கேட்டின் ஓரம் தெரிந்தது.

விசில் அடித்தது. வாளி அம்மாள் வந்து நின்றார்.

"மூணாவது வளைவுல யாரு?"

"யாரும் இல்லீங்க."

"காலியா இருக்கக் கூடாது. அடிச்சவரு நிக்கணும்." மார்ச்சில் எழுதிக் கொடுத்த படிவத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்திலும் அவன் கையெழுத்து இருந்தது.

ஊல்ரிக் எழுந்தான். முகத்தில் பாதி இல்லை. "மன்னிக்கணும்" என்று மீதிப் பாதியால் சொல்லிவிட்டு, சென்னியப்பனின் வண்டியை நிமிர்த்தி ஏறி, மூன்றாவது இடதையும் ஒடித்து வாசலைத் தாண்டிப் போனான்.

சென்னியப்பனின் கால்கள் மண்ணை விட்டு நகரவில்லை. ரங்கராசு போனைப் போட்டு ஹெல்மெட்டில் வைத்தான்.

"மரகதம், நாந்தான்."

"நாந்தான்னா யாருங்க? அவருதான் வந்துட்டாருங்களே. கையக் கழுவிட்டு உக்காந்திருக்காரு."

"அவன் டென்மார்க்காரன்!"

"மூஞ்சி கொஞ்சம் மோசமாத்தான் இருக்குது. ஆனா பன்னெண்டு வருசமாப் பாக்கற முழங்கைங்க, எனக்குத் தெரியாதுங்களா?"

பின்னால் ஒரு குரல் இன்னொரு கரண்டி நெய் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

"அக்கா நெய் ஊத்துதுங்களா?" என்றான் ரங்கராசு.

"ஊத்தறா."

"அப்ப நான் கெளம்பறனுங் மாமா. சோறு ஆறிப் போயிரும்." வாசல் தாண்டியதும் அவன் வலது பக்கம் திரும்பினான். மெக்கானிக்குகள் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை.

பூட்டும் சத்தம் கேட்டது. அடுத்த சீசன் தொடங்கியது. நாடா எழும்பியது. நீல ஹெல்மெட் போட்ட புதியவன் முதலில் வந்தான். அவன் கண்கள் மட்டும் எப்படியோ வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

சென்னியப்பன் இரும்புச் செருப்பைத் துடைத்துக்கொண்டான்.

"மன்னிக்கணும்" என்றான். குரலில் நல்ல மரியாதை இருந்தது.