கரண்டிவாயன் வந்தபோது

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் கடைசி ஊசி போட்டாகிவிட்டது. "வர்றதா இருந்தா இந்நேரம் பார்வை வந்திருக்கணும்மா" என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த மனுஷரோ, "எல்லாம் தெளிவாத் தெரியுது" என்கிறார். காபி டம்ளரைத் தட்டிவிட்டு, வைத்த இடம் சரியில்லை என்று என்மேல் பாய்கிறார். யாரை நம்புவது? பார்த்துவிடலாம் என்றுதான் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டி வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சக்களத்தி இந்தச் சதுப்பு ஏரிதான்.

மரக்குடிலில் பலகை இடுக்கு வழியே பைனாகுலரை நீட்டி உட்கார்ந்தார்.

"நாணல் ஓரமா தாழைக்கோழி."

இருந்தது.

"இடது பக்கம் மீன்கொத்தி போகுது பாரு."

போனது.

"ஆள்காட்டி. சண்டைக்கு நிக்குது, உன்ன மாதிரியே."

"ஆமா, நீங்க ரொம்ப சாது!" என்றேன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. டாக்டர் கிடக்கிறார், அவருக்கு என்ன தெரியும்! மகளுக்கு போன் போட்டு, "அப்பாவுக்குக் கண்ணு வந்துடுச்சுடி!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசேன், எல்லாம் பறந்துடும்" என்று அதட்டினார். அந்த அதட்டல்கூட இனித்தது.

அப்போதுதான் நாணலுக்குப் பின்னாலிருந்து அவை நடந்து வந்தன. வெள்ளை வெளேரென்று கரண்டிவாயன் கூட்டம். அகப்பை மூக்கால் தண்ணீரை இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டு, கல்லெறி தூரத்தில். இங்கே ஒரு தடவையாவது இதைப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனை விடியற்காலை என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்! "அது கத்தாதுடி. கண்ணுல பட்டாத்தான் உண்டு" என்பார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார். பைனாகுலர் நேராக அவற்றின் மேல்தான் இருந்தது.

எங்கோ மீன்கொத்தி கத்தியது. சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

"மறுபடியும் மீன்கொத்தி" என்றார்.

பாவி மனுஷன், காலையிலிருந்து காதால் பார்த்திருக்கிறார். மகளிடம் இனி என்னவென்று சொல்வேன்?

"இன்னைக்கு வேற ஒண்ணும் காணோம், இல்ல?" என்று கேட்டார்.

கரண்டிவாயன்கள் எங்கள் முன்னாலேயே மேய்ந்துகொண்டிருந்தன.

"ஒண்ணும் காணோங்க. டீ ஊத்தட்டுமா?"

கையை நீட்டினார். நான் அந்தப் பக்கம் இல்லை. எழுந்துபோய், டம்ளரை அவர் விரல்களுக்குள் வைத்து மடக்கி, இறுகப் பிடித்த பிறகுதான் விட்டேன். அதற்கு அவர் என்மேல் பாயவில்லை.