அம்சத் பீவி கேட்ட வாசல்

2003-ல் உத்தமபாளையத்தில் நான் எடுத்த வேலைகளில் சின்னது இதுதான். வீடு பழையது, சேக் தாவூதின் தகப்பனார் காலத்தில் கட்டியது. முன்பக்கத்தை மட்டும் இடித்துவிட்டு வாசலைப் புதிதாக எடுக்க வேண்டும். நான் அனுமந்தன்பட்டிக்காரன், பெயர் கருத்தக்கண்ணன். கொத்தனாராக இருந்து அப்போதுதான் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்தேன்.

சேக் தாவூதுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பிள்ளைகள் இல்லை. அவரும் அவர் மனைவி அம்சத் பீவியும்தான் வீட்டில். அம்சத் பீவிக்கு வயிற்றில் புற்று. மதுரையில் ஆபரேஷன் செய்து, ஒரு வருஷம் நன்றாக இருந்தவருக்கு அது திரும்பவும் வந்துவிட்டது. இனிமேல் மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேருமே எதிரில் உட்கார்ந்திருந்தார்களாம். தெருவுக்கே தெரிந்த இந்த விஷயத்தை அந்த வீட்டுக்குள் மட்டும் பேச முடியாது. யாராவது வாயெடுத்தால் சேக் தாவூது எழுந்து போய்விடுவார்.

வேலை தொடங்கிய அன்றைக்கு இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள்.

"ரெண்டு தூணு, மேல ஆர்ச்சு, தேக்குல கதவு," என்றார் சேக் தாவூது. "கதவத் தெறந்ததும் ஒரு மறைப்புச் செவுரு. அதச் சுத்தித்தான் ஹாலுக்குள்ள வரணும். தெருவுல போறவன் பார்வை உள்ள விழுகாது. ஆடிக் காத்தும் அடிக்காது."

அம்சத் பீவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிச் சொன்னார்.

"படியத் தணிவா வையி கண்ணா. நல்லா இருக்கவக ஏறுற படி எல்லா வீட்லயும் இருக்கு. மூச்சு வாங்குறவக ஏறுற மாதிரி இது இருக்கட்டும். ஏறுனதும் நாலு பேரு நின்னு செருப்புக் கழத்த எடம் வேணும். பிடிச்சுக்கிற ஒரு கம்பி. ரெட்டைக் கதவு. மேல போடுற லைட்டு வர்றவக மூஞ்சியில அடிக்காம காலடியில விழுகணும்."

"சரிக்கா. அப்ப செவுரு?"

"செவுரு வேணாம். நேரா ஹாலு."

"வேணும்," என்றார் சேக் தாவூது. என்னைப் பார்த்துச் சொன்னார், மனைவியைப் பார்க்கவில்லை.

தோட்டத்து ஆள் வந்து கூப்பிட, அவர் தெருப்பக்கம் போனார். அக்கா நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

"சந்தூக்கு எம்புட்டு நீளம் இருக்கும் கண்ணா?"

சந்தூக்கு என்பது இறந்தவர் உடலை அடக்கத்துக்குத் தூக்கிப் போவதற்காகப் பள்ளிவாசலில் வைத்திருக்கும் பெட்டி.

"என்னக்கா கேக்குறீக?"

"மாமியா மவுத்தானப்ப இந்த நடை வழியாத்தான் தூக்கிட்டுப் போனாக. இந்தா, இந்த மூலையில சந்தூக்கு திரும்பல. சாச்சுப் பிடிச்சாக. எல்லாரும் மெல்ல மெல்லங்குறாக, அங்கிட்டும் இடிக்குது இங்கிட்டும் இடிக்குது. உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தர் மேல படாம நடந்த மனுசி அவுக." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அது வேணாம். பாக்க வர்றவக நேரா வரணும். நானும் நேரா போகணும்."

"பாய்கிட்டச் சொன்னியளா?"

"சொன்னேன். துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு தோட்டத்துக்குப் போயிட்டாக. பொழுதடஞ்சுதான் வந்தாக."

மறுநாள் காலையில் நான் அளவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது சேக் தாவூது தனியாக வந்து நின்றார்.

"அவ சொன்ன படி, கம்பி, லைட்டு எல்லாம் அப்படியே செய்யி. செவுரும் எழும்பணும்."

"பாய், அக்கா வந்து..."

"அக்கா என்ன கேட்டான்னு எனக்குத் தெரியும்டா." நான் கட்டிய கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "அவ சொன்ன மாதிரி நான் வாசல் வச்சேன்னா, போன்னு நானே கதவத் தெறந்துவிட்ட மாதிரி ஆயிரும். அத எங்கையால செய்ய மாட்டேன்."

நான் யார் பேச்சைக் கேட்பது? வீட்டுக்காரர் அவர். சுவர் எழும்பியது. அக்கா தினமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செங்கல் வரிசை ஏறுவதைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு வேலை லேசாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்து, "சீனி போதுமா?" என்று மட்டும் கேட்பார்.

பெயிண்ட் அடித்து முடிந்த அன்றைக்கு எதிர்வீட்டு ராமுத்தாய் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தாள்.

"என்ன அம்சத்து, சினிமாக் கொட்டாய் வாசல் மாதிரியில்ல இருக்கு! டிக்கெட்டுக் கிழிக்க யாரு நிக்கிறது?"

"நீதான் நில்லு. ஒனக்குத்தான் மீசை இருக்கு."

"இருக்கும்டி, இருக்கும். ஒனக்குப் பொறாம." சிரித்துக்கொண்டே படியேறினாள். "படி நல்லாருக்கு. எம்முழங்காலே சத்தம் போடல." கதவைத் தாண்டினவள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். "இதென்னடி இது? வாங்க வாங்கன்னு கூப்புட்டு மூஞ்சியில அறையிற மாதிரி?"

தூணோரம் நின்ற சேக் தாவூது கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி பிறந்து காற்று தெருவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். வாசல் லைட்டில் ஏதோ கோளாறு என்று நான் போயிருந்தேன். அக்காவைச் சேர்த்திருந்த மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து நின்றது. பார்த்தேன், அக்கா பாதி ஆளாகியிருந்தார். காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து, உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கினோம். முன்னால் நான் பின்னோக்கி நடந்தேன். பின்னால் சேக் தாவூது.

படி தணிவாக இருந்ததால் சிரமமே இல்லை. இரண்டு கதவும் திறந்திருந்தன. உள்ளே போனதும் சுவர். நான் இடப்பக்கம் திரும்பினேன். நாற்காலிக் கால் இடித்தது. பின்னால் வந்து மறுபடி திரும்பினோம். வழியில்லை. சாய்த்தோம். அக்காவின் முட்டி சுவர் மூலையில் பட்டு உரசியது.

"மெல்ல, மெல்ல," என்றார் சேக் தாவூது.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி எங்கள் கையில் பாதி சாய்ந்தபடி இருக்கிறது. பின்னோக்கி நடந்த எனக்கு இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அக்கா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அவர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படியோ ஹாலுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினோம். முட்டியில் தோல் வழன்றிருந்தது. சேக் தாவூது மருந்து தடவிவிட்டார். பிறகு வெளியே வந்து, பெயிண்ட் உரிந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் வாடகைக்குக் காத்திருந்தார். நான்தான் ஜாடை காட்டிப் பிறகு வரச் சொன்னேன்.

சேக் தாவூது திரும்ப உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"அம்சத்து. செவுத்த எடுத்துரவா?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். பேசியது எல்லாம் எனக்கும் கேட்டது. இத்தனை நாளும், சந்தூக்கைப் பற்றிச் சொன்ன அன்றைக்கும் அழாத மனுஷி, இப்போது சத்தம் போட்டு அழுதார். போக விட மாட்டேன் என்று நின்றவர், கேட்டதைக் கொடுக்கிறார். அதற்குத்தான் அந்த அழுகை. சேக் தாவூது கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

அழுகை அடங்கியதும், "எடுங்க," என்றார் அக்கா.

தூசி போகாமல் ஹாலுக்கு முன்னால் ஒரு சேலையைக் கட்டினேன். கடப்பாரையை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார் சேக் தாவூது.

"நான் இடிக்கிறேன் பாய். ஒங்களுக்குப் பழக்கமில்ல."

"கட்டச் சொன்னது நான்தான. நீ கல்ல அள்ளு."

அவர் இடிக்க இடிக்க நான் சட்டியில் அள்ளித் தெருவில் கொட்டினேன். புதுச் சுவர், இறுகிப்போயிருந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியும் அவர் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு ராமுத்தாய் அவள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவர் கோலத்தைப் பார்த்துவிட்டு வந்து, என்னோடு சேர்ந்து கல் அள்ள ஆரம்பித்தாள்.

சாயங்காலத்துக்குள் தரைமட்டமாகிவிட்டது. சேக் தாவூது கடப்பாரையைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"டேப்ப எடு. அளந்து பாத்துட்டு அவகிட்டப் போயிச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க பாய்."

"கேட்டுட்டேன்ல. சொல்ல முடியாது கண்ணா."

கதவிலிருந்து ஹால் வரைக்கும் நீளத்தை அளந்தேன். நிலையின் அகலத்தை அளந்தேன். சேலையை அவிழ்த்தேன். தெரு வெளிச்சம் கட்டில் வரைக்கும் போய் விழுந்தது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தாராளமா இருக்குக்கா. எங்கயும் திருப்ப வேணாம்."

"சரி," என்றார். "அவுகள இங்கன வரச் சொல்லு."

அவர் வந்து கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தார். புருவத்திலும் தாடியிலும் சிமெண்டுத் தூள். அக்கா கையை நீட்டி, முந்தானையால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துவிட்டார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"தெரு பூராவும் தெரியுதே புள்ள," என்றார் சேக் தாவூது.

"தெரியட்டும். வர்றவகளுக்கும் நான் தெரியணும்ல."