மிஸ்யே கர்னியேயின் வெள்ளிக்கிழமை

பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ளூர்க்காரர் மாதிரி ஒரு வாரம் வாழ வருகிறவர்களுக்கு ஓர் உள்ளூர்க்காரரைக் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் மிஸ்யே கர்னியே, வயது அறுபத்தொன்று, தனி ஆள். அப்பா, அம்மா, நான் மூவரும் சேர்ந்து அவராக இருக்க வேண்டும். அதே வாரம் அவர் ஈரோட்டில் எங்கள் மூவராகவும் இருப்பார். என் கெமிஸ்ட்ரி டியூஷனுக்கு அவர் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை என்று பிறகு தெரிந்தது.

ரயில் நிலையக் கவுண்டரில் இருந்த பெண் அவரைப் பிரித்துக் கொடுத்தார். கால்கள் அப்பாவுக்கு. வாயும் வயிறும் அம்மாவுக்கு. குரல் எனக்கு. எனக்குப் பதினாறு வயது. தலைமை ஆசிரியையின் குரலில் மைக்கில் லீவு அறிவித்து, பாதிப் பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு அனுப்பியவள் நான். கவுண்டர் பெண்ணுக்கு அந்தப் பெண்ணின் குரலிலேயே நன்றி சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தினார். சாவியோடு மிஸ்யே கர்னியேயின் பிரெஞ்சையும் இருமலையும் தந்தார்.

வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. சமையலறை மேசையில் ஒரு சீட்டு:

"வெள்ளிக்கிழமை மதியம் ஓதில் என்ற பெண்மணி சாப்பிட வருவார். மார்க்கெட்டில் சீஸ் விற்பவர், வியாழன்தோறும் அவரிடம் வாங்குகிறேன். கடையை ஒரேயடியாக மூடிவிட்டு மலைப்பக்கம் தன் அம்மாவின் வீட்டுக்கே போகிறார். கூட வருகிறீர்களா என்று என்னைக் கேட்பார். அந்தக் கேள்விக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன். அன்றைக்கு ஊரில் இருக்க எனக்குத் தெம்பில்லை. தயவுசெய்து சரி என்று சொல்லிவிடுங்கள்."

"பாவம்" என்றார் அம்மா. அப்பா காலை நீட்டி உட்கார்ந்தார். மிஸ்யே கர்னியேயின் இடது முழங்கால் வலி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

தினமும் காலை ரொட்டிக் கடை. மூவரும் வரிசையில் ஓர் ஆளாக நிற்போம். என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் போன்ழூர் என்று வணக்கம் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் கடையில் நாம் இல்லவே இல்லை. பகெட் என்ற நீள ரொட்டி ஒன்றே ஒன்று வாங்குவோம். வீடு வருவதற்குள் அதன் முனையைக் கடித்துவிடுவது இந்த ஊர் வழக்கம், அது அம்மாவின் வேலை. செவ்வாய்க்கிழமை எனக்குக் கை அரித்தது. "நேற்று வாங்கிய ரொட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்" என்று மிஸ்யே கர்னியேயின் குரலில் கடைக்காரம்மாவிடம் சொன்னேன்.

"வழக்கமாக ஜன்னலுக்குத்தானே கொடுப்பீர்கள்?" என்றார் அவர், சில்லறையை எண்ணிக்கொண்டே.

அதன் பிறகு எனக்கு விளையாடத் தோன்றவில்லை. பத்து மணிக்குக் காபி, பிறகு பேப்பர், மழையைப் பற்றி ஒரு முணுமுணுப்பு, மறுபடி ஐந்து மாடி. உள்ளூர்க்காரருக்கு அலுப்பாக இருந்தது, ஆகவே எங்களுக்கும் அலுப்பாக இருந்தது.

அம்மா மட்டும் பசியோடும் இருந்தார். புதன்கிழமை ஓட்டலில் குனெல் சாப்பிட்டோம். மீனையும் மாவையும் பிசைந்து அவித்து, கிரீமில் மிதக்க விட்டது. "இன்னும் கொஞ்சம்?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். "போதுமுங்க" என்றார் அம்மா. பரிமாறியவர் மீதி இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என்ன சாமி இது, ஒருக்காத்தான் கேப்பாங்களா?" என்றார் அம்மா. பாதி குனெல் அந்தத் தட்டோடு போயிருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஓதில் வந்தார். உயரமான பெண்மணி. கைகளில் சீஸ் வாசனை. மூவரின் கன்னங்களிலும் சேர்த்து ஒருவருக்கான இரண்டு முத்தம் மட்டும் கொடுத்தார். சாப்பிட்டோம். ரோஸ் நிறத்தில் மிட்டாய் பாதாம் போட்ட இனிப்பு டார்ட்டை வெட்டும்போது, கத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கர்னியே, நாளைக்குக் கிளம்புகிறேன். கூட வருகிறீர்களா?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"ஒடனே சரின்னு சொல்லீராத கண்ணு. அலையறவராட்ட இருக்கும். மனுசனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ரெண்டு வாட்டி கேக்கட்டும்."

ஆகவே மிஸ்யே கர்னியேயின் குரலில், "வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன்.

"சரி" என்றார் ஓதில். டார்ட்டை மூடிவைத்தார். நாப்கினை நாலாக மடித்தார். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"ஏம்புள்ள, அவ்வளவுதானா?" என்றார் அப்பா. "அந்த மனுசன் ஞாயித்துக்கிழமை வந்து கேட்டா என்னன்னு சொல்றது?" சொல்லிக்கொண்டே கால்களைக் கொண்டுபோய்க் கதவருகே நிறுத்தினார். கோட்டில் ஆறு பொத்தான்கள். ஓதில் கீழேயிருந்து போட ஆரம்பித்தார். அம்மா என் முகத்தையே பார்த்தார். வேறு யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நான் ஓதிலின் குரலை எடுத்துக்கொண்டேன்.

"வாங்களேன், கர்னியே. மாடி அறை சும்மாதானே கிடக்கிறது."

பிறகு கர்னியேயின் குரலில்: "இருக்கட்டும். எனக்கு இங்கேயே பழகிவிட்டது."

ஓதிலின் விரல்கள் மூன்றாவது பொத்தானில் நின்றன.

ஓதிலின் குரலில் இன்னொரு தடவை: "பழகியதெல்லாம் போதும். ஒவ்வொரு வியாழனும் சீஸ் வாங்கினீர்கள், அதில் பாதியை நீங்கள் சாப்பிடவே இல்லை என்று எனக்குத் தெரியும். வாருங்கள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ்யே கர்னியேயின் இருமல் வந்தது. இருமி முடித்து, "அப்படியானால் வருகிறேன்" என்றேன்.

ஓதில் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"நான் மூன்று தடவை கேட்டேனா?"

"கேட்டீர்கள்."

"எனக்கே ஞாபகம் இல்லை. அவ்வளவு களைப்பு" என்று உட்கார்ந்தார். டார்ட்டை மறுபடி திறந்தார். அம்மா உடனே தட்டை நீட்டினார்.

பிறகு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. ஓதிலின் சாமான்கள் முன்னரே வண்டியில் ஏறிவிட்டன. மிஸ்யே கர்னியேயின் துணிகள் ஒரு பெட்டிக்குள் அடங்கின. "அங்கே ஆறு கிடையாது" என்றார் ஓதில். "ஸோன் ஆற்றை எடுத்துக்கொள்வோம். ரோன் ஆறு இருக்கட்டும், ஊர்க்காரர்களுக்கும் ஒன்று வேண்டும்."

கரைக்கு இறங்கினோம். படகுகளைத் தூக்கி ஓரமாக வைத்தோம். ஆற்றின் ஒரு முனையை ஓதில் பிடித்தார், மறுமுனையை அம்மா. சேலை மடிப்பதைப் போல இருவரும் எதிரெதிராக நடந்து வந்து, சேர்ந்து, விலகினார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் அப்பா நடந்து அழுத்திக் கொடுத்தார்.

"ஈரத்தோட வெக்காதீங்க, பூஞ்சை புடிச்சுக்கும்" என்றார் அம்மா. நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அதுவும் சரிதான் என்றார் ஓதில். ஆற்றை மறுபடி விரித்துப் பாலத்தின் கைப்பிடியில் போட்டோம். வெயில் குறைவுதான். ஐந்து மணிக்குள் ஒரு பக்கம் காய்ந்தது, திருப்பிப் போட்டோம்.